திருச்சபைத் தலைமைக் குழுவில் ஆளுமை வேறுபாடுகள்: தரங்கம்பாடிச் சான்றும் சேத்துப்பட்டுச் சூழலும்

ஆய்வுச் சுருக்கம்

வேறுபட்ட இயல்புடையோரை இணைத்துத் திருச்சபைத் தலைமைக் குழுவை அமைக்க வேண்டும் என்னும் கருத்து இன்று பரவலாக ஏற்கப்படுகிறது. அதற்கு உளவியல் சார்ந்த ஆளுமை வகைப்பாடுகள் கருவியாகப் பயன்படுகின்றன. தமிழகத் திருச்சபை வரலாற்றில் இயல்பு வேறுபாடு எப்போது பயன் தந்தது, எப்போது தரவில்லை என்பதைத் தரங்கம்பாடி அருட்பணியின் முதல் நாற்பதாண்டு வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. அதன் முடிவுகளைச் சேத்துப்பட்டு போன்ற ஊர்ப்புறப் பங்குகளின் சூழலோடு பொருத்திப் பார்க்கிறது. சமூக வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாத ஆளுமைப் பன்மை முழுமையான பன்மை ஆகாது என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: ஆளுமை வகை, தலைமைக் குழு, உபதேசியார், தரங்கம்பாடி, இராஜநாயக்கன், சேத்துப்பட்டு, தெரிந்துவினையாடல்.

முன்னுரை

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணிக்கும் போளூருக்கும் அண்மையில் அமைந்த ஊர் சேத்துப்பட்டு. சென்னை நகரிலுள்ள அதே பெயருடைய பகுதியினின்று இது வேறானது. இங்குள்ள தூய லூர்து அன்னை ஆலயம் வடஆர்க்காட்டுக் கத்தோலிக்க வரலாற்றில் முதன்மையான இடம் பெறுவது. பாரிசு அயல்நாட்டு மறைபரப்புச் சங்கத்தைச் சேர்ந்த அருட்தந்தை தராஸ் (1835–1916) இவ்வூரை மையமாகக் கொண்டு பணியாற்றினார். தாது வருடப் பஞ்சம் எனப்படும் 1876–78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தை ஒட்டி, வடஆர்க்காட்டுச் சிற்றூர்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் பெருந்திரளாகத் திருச்சபையில் இணைந்தனர். மையத்தில் ஒரு குருவும் சுற்றிலும் பல கிளைக் கிராமங்களும் என்னும் அமைப்பு இப்பகுதியில் வேரூன்றியது. அமெரிக்க ஆர்க்காடு மிஷன் வழிவந்த தென்னிந்தியத் திருச்சபையும், தேனிய மிஷன் வழிவந்த ஆர்க்காடு லுத்தரன் திருச்சபையும் இதே வட்டாரத்தில் பணியாற்றி வருகின்றன.

இத்தகைய பங்குகளில் தலைமைக் குழுவிற்கு ஆள்களைத் தெரிவுசெய்வது எளிய செயல் அன்று. ஆளுமை வகைகளைக் கணித்துக் குழு அமைக்கும் முறை பயிற்சி முகாம்கள் வழியாகவும் கையேடுகள் வழியாகவும் பரவியுள்ள இக்காலத்தில், அம்முறையின் பயனையும் எல்லையையும் தெளிவுபடுத்துவது இக்கட்டுரையின் நோக்கம். தமிழ்நாட்டுத் திருச்சபைக் குழுவொன்றின் உள்வாழ்வைக் கடிதங்களாலும் அறிக்கைகளாலும் விரிவாக அறிய இடமளிப்பது தரங்கம்பாடி அருட்பணி. ஆகவே அதுவே முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

1. ஆளுமை வகைப்பாடுகள்: தோற்றமும் எல்லையும்

மனிதரை இயல்பு வழியாக வகைப்படுத்தும் முயற்சி மிகப் பழமையானது. கிரேக்க மருத்துவம் உடலிலுள்ள நால்வகை நீர்மங்களின் மிகுதி, குறைவு கொண்டு மனித இயல்பை விளக்கியது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த காலென் இக்கருத்தை விரிவுபடுத்தினார். கலகலப்பு இயல்பினர், சின இயல்பினர், துயர இயல்பினர், அமைதி இயல்பினர் என்னும் நான்கு வகைகள் அதன்வழி நிலைபெற்றன. தமிழ் மருத்துவ மரபும் வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றின் அடிப்படையில் உடற்கூற்றையும் இயல்பையும் இணைத்துக் காண்பது நினைக்கத்தக்கது.

20ஆம் நூற்றாண்டில் இம்முயற்சி உளவியலின் துணையைப் பெற்றது. கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட உளவியல் வகைகள் பற்றிய நூல் அகமுகம், புறமுகம் என்னும் பாகுபாட்டைப் பரவலாக்கியது. அதனை அடியொற்றி, கேத்தரின் பிரிக்ஸ், அவர்தம் மகள் இசபெல் மையர்ஸ் ஆகியோர் பதினாறு வகைகளைக் கொண்ட வினாநிரலை உருவாக்கினர். மார்ஸ்டன் 1928இல் முன்வைத்த நான்கு நடத்தைக் கூறுகள் பின்னர் மற்றொரு சோதனைக்கு அடிப்படையாயின. நான்கு இயல்புகள் என்னும் பழைய கோட்பாட்டைத் திருச்சபை வட்டாரங்களுக்குள் மீண்டும் கொணர்ந்ததில் டிம் லஹாய் 1966இல் எழுதிய நூலுக்குப் பெரும்பங்கு உண்டு.

இவ்வகைப்பாடுகள் தன்னறிவுக்கும் உரையாடலுக்கும் உதவுவன. ஒருவர் விரைந்து முடிவெடுப்பதும் மற்றவர் காலம் தாழ்த்துவதும் பகையால் அன்று, இயல்பால் என்று உணரும்போது கசப்பு குறைகிறது. எனினும் இரு குறைபாடுகள் இவற்றுக்கு உண்டு. மனித இயல்புகள் தனித்தனிப் பெட்டிகளாக அமையாமல் ஏற்ற இறக்கமுள்ள தொடர்ச்சியாக அமைகின்றன. பதினாறு வகைச் சோதனையை மீண்டும் எழுதுவோரில் பலர் வேறொரு வகையில் இடம்பெறுவது ஆய்வாளர் சுட்டும் சிக்கல். இரண்டாவதாக, ஒருவர் ஓர் அவையில் காட்டும் நடத்தை அவருடைய இயல்பால் மட்டும் விளைவதன்று; அந்த அவையில் அவருக்குள்ள இடத்தாலும் விளைவது. தமிழ்ச் சூழலில் இந்த இரண்டாம் குறைபாடே மிகவும் கருதத்தக்கது.

மெரிடித் பெல்பின் 1981இல் வெளியிட்ட குழு மேலாண்மை ஆய்வு மற்றொரு கோணத்தைத் தந்தது. ஒருவர் எவ்வகை மனிதர் என்பதைக் காட்டிலும், குழுவில் எப்பணிக்கூற்றை நிறைவேற்றுகிறார் என்பதை அது நோக்கியது. கருத்துத் தருபவர், ஒருங்கிணைப்பவர், மதிப்பிடுபவர், முடித்து வைப்பவர் முதலான கூறுகள் ஒரு குழுவிற்குத் தேவை என்பது அவர் கருத்து. தலைமைக் குழு பற்றிய ஆய்வுக்கு இப்பணிசார் நோக்கே மிகவும் பொருந்துகிறது.

2. தமிழ் மரபில் ஆளறிதல்

ஆளை அறிந்து பணியில் அமர்த்துதல் திருக்குறளில் தெரிந்துதெளிதல் (51), தெரிந்துவினையாடல் (52) என்னும் இரண்டு அதிகாரங்களில் பேசப்படுகிறது. முன்னது ஒருவரை ஆராய்ந்து நம்புதலையும், பின்னது நம்பியவரை அவர்க்குரிய பணியில் ஈடுபடுத்துதலையும் கூறுகின்றன. குணமும் குற்றமும் ஒருங்கே உடையவர் மனிதர் என்பதும், அவற்றுள் மிக்கதைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பதும் 504ஆம் குறளின் கருத்து. பணியையும் கருவியையும் ஆளையும் பொருத்திப் பார்த்தபின் அப்பணியை அவரிடம் முழுமையாக ஒப்படைக்க வேண்டும் என்பது 517ஆம் குறளின் கருத்து. அன்பு காரணமாக மட்டும் ஒருவரைத் தெளிவது அறியாமையைத் தரும் என 507ஆம் குறள் எச்சரிக்கிறது.

இவ்வதிகாரத்தில் கூர்ந்து நோக்கத்தக்க ஓர் இழுபறி உண்டு. 502ஆம் குறள் தெளிதற்குரியவரின் தகுதிகளுள் குடிப்பிறப்பையும் சேர்க்கிறது. 505ஆம் குறளோ ஒருவரது பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலையே உரைகல்லாக வைக்கிறது. பிறப்பா, செயலா என்னும் இவ்வினா 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடித் திருச்சபையின் முன் நேரடியாக எழுந்தது. அதற்குமுன், அங்கு இயல்பு வேறுபாடு நன்கு இயங்கிய காலத்தைக் காண்பது தேவை.

3. தரங்கம்பாடி: பயன் தந்த வேறுபாடு

தேனிய மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்றி புளூட்சாவ் ஆகிய இருவரும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியை அடைந்தனர். இருவரும் ஹாலே நகரின் பக்தி இயக்கச் சூழலில் பயின்றவர்கள்; ஆயினும் ஒரே வகைப் பணியாளர்கள் அல்லர். சீகன்பால்கு விரைவும் பிடிவாதமும் தீராத கற்றல் வேட்கையும் உடையவர். புளூட்சாவ் முன்னிற்க விரும்பாத அமைதியாளர். இருவரும் தொடக்கத்திலேயே பணியைப் பிரித்துக்கொண்டனர். சீகன்பால்கு தமிழிலும், புளூட்சாவ் அக்காலக் கடற்கரை வணிக மொழியாக விளங்கிய போர்ச்சுக்கீசியத்திலும் கவனம் செலுத்தினர். ஓராண்டு கடந்த சில வாரங்களில், 1707 ஆகஸ்டு 14 அன்று, முதல் எருசலேம் ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டது.

சீகன்பால்குவின் இயல்பு அருட்பணிக்கு வலிமையும் இடரும் ஒருங்கே தந்தது. ஒரு கைம்பெண்ணின் கடன் வழக்கில் தலையிட்டதன் தொடர்ச்சியாகத் தேனிய ஆளுநர் ஹாசியசுடன் மோதல் முற்றியது. 1708 நவம்பர் முதல் 1709 மார்ச்சு வரை ஏறத்தாழ நான்கு மாதங்கள் அவர் கோட்டையில் சிறைவைக்கப்பட்டார். பணி அறுந்துபோகாமல் காத்தவர் வெளியிலிருந்த புளூட்சாவ். அவர் 1711இல் ஐரோப்பா திரும்பி அங்கும் அருட்பணிக்காக வாதாடினார்.

1709இல் வந்து சேர்ந்த எர்ன்ஸ்டு கிரண்ட்லர் மூன்றாவது இயல்பினர். ஹாலேயில் ஆசிரியராக இருந்தவர். ஒழுங்கும் பொறுமையும் அதிகாரிகளோடு பேசி முடிக்கும் திறனும் கொண்டவர். தமிழ் மருத்துவம் பற்றி 1711இல் ஒரு நூலும் தொகுத்தார். சீகன்பால்கு 1714 முதல் 1716 வரை ஐரோப்பாவில் இருந்தபோது அருட்பணியை நடத்தியவர் இவரே. புதிய ஏற்பாட்டின் தமிழ் அச்சுப்பணி 1714இல் தொடங்கி 1715இல் நிறைவுற்றது. மொழிபெயர்த்தவர் ஒருவர், அச்சுக்கூடம், தாள், பணம், கடிதப் போக்குவரத்து ஆகியவற்றைத் தொய்வின்றி நடத்தியவர் மற்றொருவர். ஒரே இயல்புடைய இருவரால் இது இயன்றிருக்குமா என்பது ஐயம்.

இயல்பு வேறுபாடு எப்போதும் பயன் தந்ததாகக் கூற இயலாது. கிரண்ட்லரோடு 1709இல் வந்த போவிங் சீகன்பால்குவுடன் முரண்பட்டு, சில ஆண்டுகளில் நாடு திரும்பினார். கோபன்ஹேகனில் 1714இல் அமைந்த அருட்பணிக் கழகத்தின் செயலர் கிறிஸ்டியன் வெண்ட் பள்ளிக்கும் கட்டடங்களுக்கும் செலவிடுவதை ஏற்கவில்லை. தொடக்கத் திருத்தூதரைப்போல் ஊர்தோறும் நடந்து பணியாற்றுவதே முறை என்பது அவர் நிலைப்பாடு. அவர் எழுதிய கடுமையான கடிதங்கள் சீகன்பால்குவின் இறுதிக் காலத்தைத் துயரில் ஆழ்த்தின. சீகன்பால்கு 1719 பிப்ரவரியிலும் கிரண்ட்லர் 1720 மார்ச்சிலும் மறைந்தனர்.

அடுத்த தலைமுறையில் பெஞ்சமின் ஷூல்ட்சே தனித்தியங்கும் இயல்பினராக விளங்கினார். தோழர்களுடன் இணக்கம் குறைந்த நிலையில் 1726இல் சென்னைக்குச் சென்றார். பழைய ஏற்பாட்டுத் தமிழ் மொழிபெயர்ப்பை நிறைவுசெய்ததும் தெலுங்கில் பணியாற்றியதும் அவர் சாதனைகள். ஒரு குழுவில் பொருந்தாதவர் தனிக்களத்தில் பயன்படுவார் என்பதற்கு அவர் சான்று.

இவ்வரலாற்றினின்று பெறப்படுவது ஒன்று. புளூட்சாவும் கிரண்ட்லரும் சீகன்பால்குவுடன் இணைந்து இயங்கியதற்குத் தெளிவான பணிப்பிரிவும், அன்றாட வாழ்வில் ஒருவரையொருவர் அறிந்திருந்ததும் காரணங்கள். வெண்ட் செய்த கண்டனம் களத்தை நேரில் காணாத ஒருவரின் முடிவு. இயல்பு வேறுபாடு இரு நிலைகளிலும் இருந்தது. குழுவின் அமைப்பு முறையே விளைவை வேறுபடுத்தியது.

4. ஆரோன், இராஜநாயக்கன், தியோகு: மறைந்து நின்ற அளவுகோல்

இதுவரை கூறியவர் அனைவரும் ஐரோப்பியர். சபை வளர்ந்தபோது ஊர்தோறும் சென்று கற்பித்தவர்கள் தமிழ் உபதேசியர்களே. அவர்களிலிருந்து குருமாரை உருவாக்க வேண்டிய தேவை 1730களில் எழுந்தது.

கடலூரில் வேளாளர் குடும்பத்தில் பிறந்த ஆரோன் 1718இல் சீகன்பால்குவிடம் திருமுழுக்குப் பெற்றவர். 1733 டிசம்பர் 28 அன்று அவர் குருவாக அருட்பொழிவு பெற்றார். புரோட்டஸ்டன்டு திருச்சபையில் அப்பொறுப்பைப் பெற்ற முதல் இந்தியர் என வரலாறு அவரைப் போற்றுகிறது. மாயவரம் பகுதியில் பணியாற்றி 1745இல் மறைந்தார். நிதானமும் அடக்கமும் உடையவராக அவர் அறியப்படுகிறார். அவர் தெரிவில் குறை காண்பதற்கில்லை.

இராஜநாயக்கன் வேறுபட்ட பின்னணியும் இயல்பும் உடையவர். பறையர் சமூகத்தில் கத்தோலிக்கராகப் பிறந்து, தஞ்சை அரசரின் படையில் பணியாற்றியவர். அச்சிட்ட தமிழ் நற்செய்தி நூலைப் படித்ததே அவரைத் தரங்கம்பாடிக்கு இட்டு வந்தது. 1720களின் இறுதியில் லுத்தரன் சபையில் இணைந்து உபதேசியார் ஆனார். தஞ்சை நாட்டில் எதிர்ப்பையும் தாக்குதலையும் தாங்கிப் பணியாற்றினார். துணிவு, தொடங்கி வைக்கும் ஆற்றல், பேச்சுத் திறன் ஆகியன அவரிடம் ஒருங்கே இருந்தன. இன்றைய வகைப்பாட்டில் எச்சோதனையும் அவரை முன்னோடித் தலைவர் என்றே குறிக்கும்.

1741இல் இரண்டாம் தமிழ்க் குருவைத் தெரிவுசெய்யும் நிலையில் இராஜநாயக்கனின் தகுதி கருதப்பட்டது. ஆயினும் தியோகுவே அருட்பொழிவு பெற்றார். பறையர் ஒருவர் கையால் திருவிருந்து பெற உயர்சாதிக் கிறித்தவர் இசையமாட்டார் என்னும் அச்சமே இதற்குக் காரணம். அருட்பணியாளர் அவரது தகுதியை மறுக்கவில்லை. அவரைப் பாராட்டி எழுதியுள்ளனர். எனினும் அவர் 1771இல் இறக்கும்வரை, நாற்பதாண்டுகளுக்கும் மேலாக, உபதேசியாராகவே பணியாற்றினார்.

இந்நிகழ்வு ஆளுமை வகைசார் அணுகுமுறைக்கு அடிப்படையான ஒரு வினாவை எழுப்புகிறது. ஆரோனும் இராஜநாயக்கனும் ஒரே நிலையில் இணைந்திருந்தால், நிதானமும் துணிவும் ஒன்றையொன்று நிறைவுசெய்யும் குழு அமைந்திருக்கும். சீகன்பால்குவுக்கும் கிரண்ட்லருக்கும் இடையே அமைந்த பொருத்தம் தமிழ்த் தலைமையிலும் உருவாகியிருக்கும். அது நிகழாமைக்கு இயல்புப் பொருத்தமின்மை காரணம் அன்று. பணித்திறனுக்கு வெளியே, எழுதப்படாத ஓர் அளவுகோல் செயற்பட்டது. ஐரோப்பியரிடையே இயல்பு வேறுபாட்டைத் தாங்கிய அதே அருட்பணி, தமிழரிடையே சமூக வேறுபாட்டைத் தாங்கவில்லை. 505ஆம் குறளின் உரைகல்லுக்கு மாறாக, 502ஆம் குறள் சுட்டும் குடிப்பிறப்பே, அதுவும் சாதி என்னும் குறுகிய பொருளில், அங்கு மேலோங்கியது.

5. சேத்துப்பட்டுச் சூழல்: அமைதி யாருடைய இயல்பு?

வடஆர்க்காட்டு ஊர்ப்புறப் பங்குகளின் அமைப்பு மேற்கண்ட சிக்கலை வேறொரு வடிவில் முன்வைக்கிறது. ஒரு குரு எல்லாக் கிராமங்களிலும் இருக்க இயலாது. மந்திரங்களைக் கற்பித்தல், திருமுழுக்கிற்கு ஆயத்தம் செய்தல், நோயாளரைச் சந்தித்தல், பிணக்குகளைத் தீர்த்தல் ஆகியவற்றை உபதேசியார் கவனித்தார். ஆலயப் பராமரிப்பையும் மணியோசையையும் கோவில்பிள்ளை ஏற்றார். ஆசிரியர், கன்னியர், ஊர்ப் பெரியவர் ஆகியோரும் தத்தம் பங்கை ஆற்றினர். பெயரளவில் தலைமை ஒருவரிடம் இருந்தாலும் நடைமுறையில் அது குழுவாகவே இயங்கியது.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் (1962–65) பின்னர் இக்கூட்டுப் பொறுப்பு சட்ட வடிவம் பெற்றது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 536ஆம் பிரிவு பங்கு மேய்ப்புப் பேரவைக்கு இடமளிக்கிறது. 537ஆம் பிரிவு நிதிக்குழுவைக் கட்டாயமாக்குகிறது. மேய்ப்புப் பேரவைக்கு ஆலோசனை கூறும் உரிமை மட்டுமே உண்டு. ஆலோசனை உரைக்கும் துணிவு உறுப்பினருக்கு இல்லையெனில் அப்பேரவை பொருளற்றதாகும். ஆகவே அவையில் யார் பேசுகிறார், யார் பேசுவதில்லை என்பது அடிப்படை வினா.

எடுத்துக்காட்டாக ஒரு பங்கைக் கருதுவோம். மைய ஊரிலிருந்து எண்மரும் நான்கு கிளைக் கிராமங்களிலிருந்து ஒவ்வொருவரும் பேரவையில் உள்ளனர். கூட்டம் மைய ஊரில் மாலையில் நடைபெறுகிறது. கிராம உறுப்பினர் கடைசிப் பேருந்தை எண்ணி அமர்ந்திருக்கின்றனர்; அவர்களுள் ஒருவர் மைய ஊரின் உறுப்பினரிடம் கூலிவேலை செய்பவர். இக்கூட்டத்தில் ஆளுமை வினாநிரல் அளிக்கப்பட்டால், கிராம உறுப்பினர் பலர் அமைதி இயல்பினர், பின்பற்றுபவர் எனக் கணிக்கப்படக்கூடும். அவர்களுள் ஒரு பெண் தம் ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்குப் பார்ப்பவராகவும், வங்கி அலுவலரோடு வாதிடுபவராகவும் இருக்கலாம். பேரவையில் அவர் காக்கும் மௌனம் அவரது இயல்பன்று. அங்கு அவருக்கு அளிக்கப்பட்ட இடத்தின் விளைவு. அதனை இயல்பு எனப் பதிவுசெய்தால், ஒரு சமூக ஏற்றத்தாழ்வு உளவியல் சொல்லால் நிலைநிறுத்தப்படுகிறது. அமைதியானவருக்குத் துணைப்பணி, துடிப்பானவருக்குத் தலைமை என்னும் பகிர்வு அப்போது நடுநிலையான ஒன்றாகத் தோற்றமளிக்கும்.

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு நிலவுவதை ஏற்று, பங்கேற்பை வலியுறுத்தியது. தலைமைக் குழு பற்றிய எந்தப் பயிற்சியும் இவ்வேற்பைத் தொடக்கப் புள்ளியாகக் கொள்வது தேவை.

6. குழு அமைத்தலுக்கான நெறிகள்

மேற்கண்ட சான்றுகளின் அடிப்படையில் ஐந்து நெறிகளை முன்வைக்கலாம்.

முதலாவது, ஆளுக்கு முன் பணியை வரையறுத்தல். கற்பித்தல், நிதி, நோயாளர் பணி, இளைஞர் பணி, பிணக்குத் தீர்த்தல் எனப் பணிகளைப் பட்டியலிட்ட பின்னரே ஆள்களைக் கருத வேண்டும். தமிழ், போர்ச்சுக்கீசியம் எனப் பிரித்துக்கொண்ட தரங்கம்பாடியின் முதல் முடிவு இதற்கு முன்மாதிரி.

இரண்டாவது, செயல்வழி மதிப்பிடல். வினாநிரலின் விடையைவிட, ஒருவர் தம் ஊரிலும் குடும்பத்திலும் முன்னர் செய்து முடித்தவை நம்பத்தக்க சான்று. அவரை வெவ்வேறு சூழல்களில் கண்டவரிடம் கேட்டறிதல் தேவை.

மூன்றாவது, ஆளுமைச் சோதனையைத் தெரிவுக்குப் பயன்படுத்தாமை. குழு அமைந்தபின், உறுப்பினர் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளும் உரையாடலுக்கு மட்டும் அது பயன்படலாம். அதன் முடிவு எவருடைய பெயரோடும் நிலையான அடையாளமாக ஒட்டக்கூடாது.

நான்காவது, மறைந்த அளவுகோலை வெளிப்படையாகக் கேட்டல். தெரிவு முடியும் முன், எந்தக் கிராமம், எந்தச் சமூகம், எந்தப் பாலினம் விடுபட்டுள்ளது, விடுபட்டதற்குக் கூறப்படும் காரணம் பணி சார்ந்ததா என்று குழு தன்னையே வினவ வேண்டும். மக்கள் ஏற்கமாட்டார்கள் என்னும் விடை வருமாயின், அது 1741இல் கூறப்பட்ட அதே விடை என்பதை நினைவிற்கொள்ளுதல் தகும்.

ஐந்தாவது, பேசுவதற்குரிய நிலையை உருவாக்குதல். கூட்டத்தைக் கிளைக் கிராமங்களிலும் சுழற்சி முறையில் நடத்துதல், ஒவ்வொருவரும் ஒருமுறை பேசிய பின்னரே விவாதத்தைத் தொடர்தல், மாற்றுக் கருத்தையும் குறிப்பேட்டில் பதிதல், பதவிக் காலத்தை வரையறுத்தல் ஆகியன எளிய வழிகள். இவற்றின் பின்னரே ஒருவரது அமைதி இயல்பா, நிலைமையின் விளைவா என்பது புலப்படும்.

முடிவுரை

வேறுபட்ட இயல்பினர் இணைந்த தலைமைக் குழு ஒற்றை இயல்பினர் குழுவைவிட வலிமையுடையது என்பதைச் சீகன்பால்கு, புளூட்சாவ், கிரண்ட்லர் ஆகியோரின் கூட்டுப்பணி காட்டுகிறது. அவ்வலிமை பணிப்பிரிவாலும் நெருங்கிய பழக்கத்தாலும் கிடைத்தது. இராஜநாயக்கனின் வரலாறோ, இயல்பையும் திறனையும் அறிந்து பாராட்டிய பின்னரும் ஒருவரைத் தலைமைக்கு வெளியே நிறுத்த முடியும் எனக் காட்டுகிறது. ஒரே சாதியிலிருந்தும் ஒரே தெருவிலிருந்தும் நால்வகை இயல்பினரைத் திரட்டுவது இயலும். அதனைப் பன்மை எனக் கொள்ள இயலாது.

வடஆர்க்காட்டு உபதேசியர்கள் பற்றிய பங்குப் பதிவேடுகள், கல்லறைக் குறிப்புகள், வாய்மொழி நினைவுகள் ஆகியன இந்நோக்கில் தொகுத்து ஆராயத்தக்கவை. பஞ்சகாலம் தொட்டுச் சபையை ஊர்தோறும் கட்டியெழுப்பியவர் யாவர், அவர்களுள் தலைமைக்கு வந்தவர் யாவர் என்னும் இரு பட்டியல்களையும் ஒப்பிடும் ஆய்வு, தலைமைப் பயிற்சிக்குரிய பாடங்களை இம்மண்ணிலிருந்தே தரும்.